பதினான்கு வயது மாப்பிள்ளை

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் இன்று இந்த டைரியை என் மேல் எறிந்தான். படுத்தபடியே எறிந்ததால் குறி தப்பி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவன் வேலை பார்த்த விதைக் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விளம்பரம். இன்றைக்கு வீரிய ரக வெண்டை.

"எதுக்குண்ணா இது?"

"ஊரையே ஏமாத்தற வாய்தானே? கொஞ்சம் எழுதியும் பாரு."

சரி, எழுதுகிறேன். பெயர் சர்வேஷ். வயது பதினாறு. ஊர் காங்கேயம். பன்னிரண்டாம் வகுப்பு. தலைமை ஆசிரியரின் கார் கண்ணாடியில் 'இவ்விடம் வாடகைக்கு விடப்படும்' என்று ஒட்டியவன், எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்புகளில் ஒன்றை மட்டும் ஒரு நம்பர் பெரியதாக மாற்றி வைத்தவன் என்ற பெருமைகளுக்கு உரியவன். பிப்ரவரியோடு தொழிலை விட்டு விட்டேன்.

ஐந்தரை மாதப் பக்கங்கள் காலி. பிப்ரவரி 11-ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் நான்கு மூலையிலும் ஸ்டேப்லர் அடித்து மூடிவிட்டேன். மை கசிந்திருந்தது. எழுதாத பக்கத்தில் மை எப்படிக் கசியும் என்று யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

நிலவரம் இதுதான். ஜூலை 14, திங்கட்கிழமை, வேலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் அண்ணனுக்குக் கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். எட்டு வாரம். கைகளை ஊன்றித் தன்னைத் தானே தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரப் பழக்குவார்கள். பிறகு மாதம் ஒரு முறை போய்க் காட்டவேண்டும். இந்தத் தேதியை விட்டால் அடுத்த கட்டில் ஜனவரியில்தான்.

சிக்கல் வேலூரில் இல்லை; வழியில் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு தடவை ஆம்புலன்ஸ் வேனில் கூட்டிப்போனோம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வேன் குதித்தது. இடுப்புக்குக் கீழே அண்ணனுக்கு வலி தெரியாது. அதனால் அவன் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு விரிப்பில் இருந்த கறையைப் பார்த்துத்தான் அம்மா புண்ணைக் கண்டுபிடித்தாள். ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதுதான் தோல் மூடியிருக்கிறது. இன்னொரு தடவை பிய்ந்தால் மையத்தில் சேர்க்கவே மாட்டார்களாம்.

அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அளந்து பேசுகிறவர். இன்று சோறு சாப்பிடும்போது சொன்னார்: "அலுங்காமப் போற வண்டி ஒன்னு நம்முளுதாவே வேணும். நவநீ பேர்ல இருக்கற சைட்டைக் குடுத்தர்லாம்."

நவநீதன், என் அண்ணன், உள்ளறையிலிருந்து கத்தினான்: "அதுல வீடு கட்டி என்னத்தப்பா, மாடிப்படி ஏறவா போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தான். நான் அடித்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவும் நானும் மாப்பிள்ளை பார்க்கப் போனோம்.

மாப்பிள்ளைக்கு வயது பதினான்கு. நிறம் கருப்பு. பிறந்தது ஜெர்மனி; குடியிருப்பது சென்னிமலை ரோடு, எண்ணெய் மில் சென்னியப்பன் வீட்டு ஷெட். வெளியே சுற்றும் பழக்கம் கிடையாது. பதினான்கு வருடத்தில் இருபத்தேழாயிரம் கிலோமீட்டர். எங்கள் ஊர் டவுன் பஸ் அதை நாலு மாதத்தில் ஓடிவிடும்.

"பையன் வாங்குனதுங்க," என்றார் சென்னியப்பன். "அவன் கனடா போயிட்டான். நான் அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்து நிறுத்தீருவனுங்க. இது நிக்கறதுக்கே பொறந்த வண்டி."

"கண்ணு பட்டுருமுங்க, ஒரு வண்டிக்கு இவ்வளவு அடக்கம் ஆகாதுங்க," என்றேன். அப்பா என் காலை மிதித்தார்.

பிறகு சென்னியப்பன் ஒரு பொத்தானை அமுக்கினார். வண்டி புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு கீழே தாழ்ந்தது, யானை முழங்கால் போடுவதுபோல. பின்சீட் சரியாகச் சக்கர நாற்காலியின் உயரத்துக்கு வந்து நின்றது. அப்பா சாணால் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

சோதனைக்கு அப்பா வீட்டிலிருந்து கொண்டுபோனது ஒரு பித்தளைச் சொம்பு. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். பின்சீட்டைச் சாய்த்து, அண்ணன் படுக்கப்போகும் இடத்தில் என்னைப் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் சொம்பை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். லோடு ஆட்டோ ஓட்டிப் பழகிய அப்பாவின் கை, தேர் ஓட்டுவதுபோல ஓட்டியது. பதிமூன்று வேகத்தடை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் குழிகள் தனி. திரும்பி வந்து இறங்கினபோது என் சட்டையில் உள்ளங்கை அகலம்தான் ஈரம்.

அப்பா அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் என்னைத் தொட்டது இன்றைக்குத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

மெக்கானிக் தனபால் அண்ணன் வந்து பார்த்தார். பிரேக் மிதியின் ரப்பரில் வரிகள் இன்னும் அழியவில்லை. ஸ்டியரிங் மினுக்கவில்லை. டிரைவர் சீட் அமுங்கவில்லை.

"மீட்டர் பொய் சொல்லலீங்ணா," என்றார் அப்பாவிடம். "ஆனா ஓடாம நின்ன வண்டி. டயர் தேயலை, காஞ்சு போச்சு. நாலையும் மாத்தோணும். அடியில காத்துப் பை நாலு இருக்குதுங்க. இந்தச் சொகுசெல்லாம் அதுலதான். ரப்பருங்க அது. இன்னும் அஞ்சு வருசமும் வரும், அடுத்த மாசமும் வெடிக்கும். ஒருக்கா படுத்துருச்சுன்னா எந்திரிக்க வெக்கறது—"

சட்டென்று நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகளைப் பேசுவதற்கு ஆட்கள் இப்படித்தான் தயங்குகிறார்கள்.

காற்றுப் பை கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி சொன்னார். சாயங்காலம் சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்த்துவிட்டு, வண்டியை அப்படியே விட்டு, மறுநாள் காலையில் மறுபடி பார்க்கவேண்டும். இடைவெளி குறைந்திருந்தால் வேண்டாம் என்று வந்துவிடலாம்.

என் கைக்கு நான்கு விரல்.

ஜூன் 25, புதன்

காலை ஆறு மணி, சைக்கிளில் போய்ப் பார்த்தேன். நான்கு விரல். மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

"பழசு வேண்டாம்."

"சாந்தாமணி, புதுசுல இந்த மாதிரி எடுக்கோணும்னா நம்ம தெருவையே விக்கோணும்."

"பழசு வேண்டாங்கறேன். அந்த பைக்கும் இப்பிடித்தானே வாங்கிக் குடுத்தீங்க? ஒரு வாத்தியார் வெச்சிருந்தது, கம்மியாத்தான் ஓடியிருக்குதுன்னு இதே வாயிலதானே சொன்னீங்க? நடு ரோட்டுல நின்னு போச்சு. பின்னாடி வந்த வேன்காரன் அடிச்சுப் போட்டுட்டான். என்ற பையன் கட்டில்ல கெடக்கறான். இன்னொரு பழசுல அவனை ஏத்தி அனுப்பச் சொல்றீங்களா?"

அந்தப் பேச்சு வந்தால் அப்பா கடைச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார். நசுங்கிய பைக்கை இரும்புக் கடைக்குப் போட்டபோது கார்புரேட்டரை மட்டும் கழற்றிக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வேலை இல்லாத நேரத்தில் அதைப் பிரித்து, ஊதிப் பார்த்து, மறுபடி மாட்டி வைக்கிறார். ஐந்து மாதமாக இதே வேலை.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். டாங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தில் மிச்சப் பேச்சு கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா பின்னாலேயே மூன்று நாளாகச் சுற்றுகிறேன். நான்கு விரல் கணக்கைச் சொன்னேன். ஈரச் சட்டையைக் காட்டினேன். பிரேக் மிதியின் வரிகளைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினேன்.

"உன்ற பேச்சை எவன்டா நம்பறது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

திருப்பூர்ப் பார்ட்டி ஒன்று வண்டியைக் கேட்கிறதாம். அடுத்த வாரம் வரை பொறுக்கிறேன் என்று சென்னியப்பன் சொல்லியிருக்கிறார். அப்பா கெஞ்சியதில் அம்மா ஒரு படி இறங்கினாள்.

"வெள்ளிக்கெழமை அம்மன்கிட்டப் பூக் கேக்கலாம். வெள்ளை வந்தா வாங்குங்க. செவப்பு வந்தா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண் கட்டவும் இதுதான் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். ஒரே மாதிரிக் காகிதம், ஒரே மாதிரி மடிப்பு. அம்மன் காலடியில் வைத்து, ஒன்றும் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுதான் சாமி வாக்கு.

பாதிக்குப் பாதி. அண்ணனின் முதுகை வைத்து டாஸ் போடப் போகிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

தொழிலை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தேன். இன்று ஒரே ஒரு நாள் கடை திறந்தேன்.

அம்மா பொட்டலங்களை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு அண்ணனுக்கு உடுப்பு மாற்றப் போனாள். பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தால் எது என்ன என்று தெரியாது, பிரித்துப் பார்த்தேன். சிவப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதே நாளிதழின் அதே பக்கத்தைக் கிழித்து, வெள்ளை அரளி வைத்து, அம்மாவின் மடிப்பிலேயே மடித்து வைத்தேன். இரண்டிலும் வெள்ளை. குழந்தை எதை எடுத்தாலும் மாப்பிள்ளை நம் வீட்டுக்குத்தான். பயமாகத்தான் இருந்தது. அம்மனிடம் மனசுக்குள் சொன்னேன்: தாயே, இது ஏமாற்று அல்ல, சிபாரிசு.

கோயிலில் பூசாரி தட்டை வாங்குவதற்கு முன்னால் அம்மா, "பக்கத்து வீட்டு இனியாவைக் கூட்டிட்டு வா, அவளே எடுக்கட்டும்," என்று என்னை அனுப்பினாள். போய்க் கூட்டிவந்தேன். இனியாவுக்கு நான்கு வயது. கற்பூரம் காட்டினார்கள். இனியா வலதுகைப் பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

என் முகம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தேற்றுகிறாரா, அவரே விழாமல் பிடித்துக்கொண்டாரா, தெரியவில்லை.

"ஆத்தா சொல்லிட்டா," என்றாள் அம்மா. இன்னொரு பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமல், கோயில் கிணற்றில் போட்டாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

என் சட்டைப் பையில் சிவப்பு அரளி அப்படியே இருந்தது. சாமி நினைத்தால் பூவின் நிறத்தை மாற்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் நான் எட்டு வருடம் இருந்தவன். கை வேலையைக் கண்டால் எனக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

அப்பா ஏப்ரல் மாத வேன்காரருக்குப் போன் செய்தார். பதினான்காம் தேதி வருகிறாராம்.

"மெதுவா ஓட்டச் சொல்லுப்பா, போதும்," என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அவன் காலுக்குத் தலையணை மாற்றிவைத்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம். அம்மா சத்துணவு அமைப்பாளராக இருக்கும் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். சமையல்கார அக்கா சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா தனியாக, வெளித் தாழ்வாரத்தில், வேகவைத்த முட்டைகளைக் கூடை போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்தேன்.

"பள்ளிக்கூடம் போகலையா?"

"அம்மா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு. நான்தான் மாத்தி வெச்சேன்."

அம்மாவின் விரல் நின்றது.

"ரெண்டும் வெள்ளைன்னா செவப்பு எப்பிடிம்மா வந்துச்சு?"

அம்மா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவள் வாய் ஒரு ஓரமாகக் கோணியது. ஒரு விநாடி, சிரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"சாமி முன்னாடி பித்தலாட்டம் பண்றியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"நீயும்தானே பண்ணுனே?"

"நான் பயத்துல பண்ணுனேன்டா." முட்டை ஓட்டைக் கீழே போட்டாள். "ரெண்டுலயும் செவப்பு வெச்சு மடியில முடிஞ்சுட்டுப் போனேன், உன்னை இனியாவைக் கூட்டிட்டு வர அனுப்பிட்டு மாத்துனேன். வெள்ளை வந்துட்டா என்ன பண்றதுன்னு. ஒரு பழசை நம்பித்தானே…"

"அந்த பைக் நல்ல பைக்கும்மா."

"என்ன?"

"அது தானா நிக்கலை. நான் நிறுத்துனேன். டாங்கிக்குக் கீழ இருக்கற பெட்ரோல் டேப்பை மூடி வெச்சேன். வெளையாட்டுக்கு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த முட்டையை உரித்தாள். அது பிய்ந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் பிய்ந்தது. பிய்ந்த முட்டைகளை ஓரமாக வைத்தாள். ஐந்தோ ஆறோ. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சொன்னாள்: "உங்கப்பனை நான் அஞ்சு மாசமா வாய்க்கு வந்ததெல்லாம் பேசியிருக்கறேன்."

"ம்."

"போய் அவருகிட்டச் சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. முட்டையைத் தொடாதே. போ."

நடந்தே கடைக்குப் போனேன். அப்பா ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கை விட்டுப்போகும் என்பதால் இருக்கலாம். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சுற்று முடிந்ததும் எழுந்து, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த கார்புரேட்டரை எடுத்தார்.

"இது சுத்தமாத்தான்டா இருந்துச்சு," என்றார். "மொத நாளே தெரியும். தூசி இல்லை, அடைப்பு இல்லை. அப்பறம் ஏன் நின்னுச்சுன்னு எனக்குப் பிடிபடவே இல்லை. அதனாலதான் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். என்ற கண்ணுக்குத் தெரியாத தப்பு ஏதோ ஒன்னு இருக்குது, அதை வாங்கிக் குடுத்து என்ற பையனை ஏத்தி விட்டுட்டேன்னு…"

பழைய இரும்பு போடும் டின்னில் அதைப் போட்டார். சத்தம் கேட்டு எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போ," என்றார் அப்பா. "என் கண்ணு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்காதே."

ஜூலை 8, செவ்வாய்

மிச்சம் ஒருவன். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்:

"டேப்புதானே? தெரியும்."

அம்மா சொல்லிவிட்டாளா என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை. வண்டி நின்னப்ப எனக்குத் தெரியாதா? இதே வேலையை நீ தீபாவளிக்கும் பண்ணுனவன். டேப்பைத் திருப்பலாம்னு குனிஞ்சேன். குனிஞ்சதாலதான் வேனு வர்றதைப் பாக்கலை."

"ஏண்ணா யாருகிட்டயும் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தேன். அப்பா அந்தக் கார்புரேட்டரைக் கட்டீட்டு அழுவறாரு, அப்பவும் நீ சொல்லலை. உன் மேல பாவமா இருந்துச்சுன்னு நெனைக்காதே. எந்திரிக்க முடிஞ்சிருந்தா மிதிச்சிருப்பேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இடுப்புக்கு மேலே மட்டும்தான் அவனால் அப்படித் திரும்ப முடியும். "டைரி எதுக்குக் குடுத்தேன்னு நெனைச்சே? வெண்டைக்கா விளம்பரம் படிக்கவா?"

ஜூலை 9, புதன்

அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "வண்டியை எடுத்துக்கலாங்க." அவ்வளவுதான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அப்பா மதியமே சென்னியப்பன் வீட்டுக்குப் போனார். திருப்பூர்ப் பார்ட்டி அவருக்கு முன்னால் வந்து, பார்த்து, ஓடாத வண்டி நமக்கு எதற்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது.

ஜூலை 12, சனி

சைட்டுக்கு வாங்கிய அட்வான்ஸில் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது; நாலு டயரும் மாற்றியாயிற்று. சாயங்காலம் எங்கள் வாசலில் நான்கு விரல்.

ஜூலை 14, திங்கள்

காலையிலும் நான்கு விரல். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கின. மாப்பிள்ளை முழங்கால் போட்டார். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிக்க, அண்ணன் பின்சீட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனான்.

அவன் தலைமாட்டில் எனக்கு இடம். அம்மா முன்னால் ஏறுவதற்கு முன், விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த சொம்பை என் கையில் கொடுத்தாள். "சிந்தாமப் புடி," என்றாள். ஏழு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

காற்றுப் பை அடுத்த மாதம் வெடிக்கலாம். ஐந்து வருடமும் வரலாம். யாருக்கும் தெரியாது. இப்போது சங்ககிரி தாண்டியாயிற்று. சொம்பு என் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. டைரி அதன் பக்கத்தில். ஓடும் வண்டியில்தான் எழுதுகிறேன், எழுத்து கோணவில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்: "அந்தப் பக்கத்தைப் பிரிச்சிட்டியா?"

"எந்தப் பக்கம்?"

"நாலு மூலையிலயும் கம்பி அடிச்சு வெச்சிருக்கறியே, அதுதான்."

நகத்தால் நெம்பினேன். நான்கு கம்பியும் வந்துவிட்டன. உள்ளே பக்கம் சுத்தமாக இருந்தது. அடியில் தக்காளி விளம்பரம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை 7.40. அண்ணன் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். பைக் வாசலில் நின்றது. முந்தின நாள் அவன் என் கணக்கு நோட்டில் ஆசிரியர் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டான். அதற்குப் பதில் செய்யவேண்டும். குனிந்து டேப்பை மூடினேன். இரண்டு விநாடி வேலை.

தெரு முனையில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கே டீக்கடை. எல்லாரும் பார்ப்பார்கள். மதில் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணன் வந்தான், உதைத்தான், வண்டி கிளம்பியது. "வர்றேன்மா," என்று கத்தினான். என்னை எங்கே என்று தேடினான், கிடைக்கவில்லை, போய்விட்டான்.

தெரு முனையில் நிற்கவில்லை. வளைந்து பைபாஸ் பக்கம் போய்விட்டது. கார்புரேட்டரில் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் இருந்திருக்கிறது.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று, ரொம்ப நேரம் நின்றேன்.